லாரிச் சக்கரத்துக்கு வீட்டிலேயே பஞ்சர்: முள்ளும் ரிங்கும்

போன கோடையில் ஒட்டிய டியூப் மழைக்காலம் முழுக்க ஓடி, இன்னும் காற்று இறங்காமல் நிற்கிறது. இனி தைரியமாக எழுதலாம்.

வண்டி, ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் வெட்டுகிற சீமைக்கருவேல் விறகை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருவதுதான் அதன் பிழைப்பு. கோடையில் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் நடுவில் மேல்தோலுக்குக் கீழே களி இருக்கும். சாதா லாரி அதில் உட்கார்ந்துவிடும், இது ஏறி வந்துவிடும். ஆனால் களியைத் தாண்டி வருகிற வண்டியை முள் விடுவதில்லை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோது, இனி இந்த முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். வெட்ட வெட்டத் தழைக்கிறது, வண்டிக்கும் வேலை இருக்கிறது, பஞ்சரும் இருக்கிறது.

முன்னும் பின்னும் ஒற்றைச் சக்கரம். டயர் 10.00-20, 16 பிளை நைலான், டியூப் போட்டது. நிமிர்த்தினால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். டயர், டியூப், பிளாப் (டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போகிற ரப்பர் பட்டை), டிஸ்க் (டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரம்), ரிங் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு முன்பின் இருக்கும். பஞ்சர் கடை அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டால் பெட்ரோலோடு சேர்த்து சக்கரத்துக்கு 1,200 ரூபாய். நாமே கழற்றி லோடு ஆட்டோவில் காரைக்குடிக்கு ஏற்றி இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே காசு, கூடவே அரை நாள் போய்விடும். பணத்தை விட அந்த அரை நாள்தான் என்னை இதில் இறக்கியது. விறகு வெட்ட வந்த ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்க, நான் ஆட்டோவில் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவது பொறுக்கவில்லை.

வேலைக்கு இடம், ஆச்சி வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே இருக்கிற பழைய வண்டிக் கொட்டகை. ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "சக்கரம் வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாதுப்பா." உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு கல் விண்டால் அதே நிறத்தில் மாற்றுக் கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. நியாயமான நிபந்தனை.

முதலில் காற்று. சக்கரம் வண்டியில் இருக்கும்போதே வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் நீடிலைக் கழற்றி மொத்தக் காற்றையும் விட்டுவிட வேண்டும். "பஞ்சர் ஆன சக்கரத்தில் ஏது காற்று" என்று தோன்றும். பாதி இறங்கிய டயரில் மிச்சம் இருப்பதே ஆபத்துக்குப் போதும். ரிங் போட்டுப் பூட்டுகிற இந்த வகை டிஸ்க்குக்கு அமெரிக்காவில் 1910.177 என்று ஒரு தொழில் பாதுகாப்பு விதி உண்டு. வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கிய நிலையில் ஓடிய சக்கரத்தை, நீடிலை எடுத்து முழுக்கக் காற்றை விட்ட பிறகுதான் அச்சிலிருந்து கழற்றலாம் என்கிறது அது. நம் ஊர் அண்ணன்மாரும் இதையேதான் செய்கிறார்கள், விதி எண் தெரியாமல். நீடிலை எடுத்த பிறகு வால்வுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பார்ப்பேன். சில சமயம் சேறு அடைத்துக்கொண்டு, காற்று தீர்ந்தது போல ஏமாற்றும்.

அப்புறம் நட். வீல் ஸ்பேனரில் நாலடி ஜி.ஐ. பைப்பைச் சொருகி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. பழைய லாரிகள் பலவற்றிலும் இப்படித்தான். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனால் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) முறியும். ஸ்டட் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், எந்த மரை என்று அடித்திருக்கிற எழுத்து தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பைப்பில் ஏறலாம்.

ஜாக்கி 20 டன், பாட்டில் வகை. வண்டிக்கு இது அதிகம்தான், இருந்தாலும் அடிப்பகுதி அகலமாக இருப்பதால் வாங்கினேன். இங்கே செம்மண் சரளை. காய்ந்திருந்தால் பாறை, ஒரு மழை பெய்துவிட்டால் ஜாக்கி உள்ளே போகும், வண்டி மேலே போகாது. அதனால் அடியில் ஒரு பர்மாத் தேக்கு உத்திரத் துண்டு. இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்தது, ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி கனம். இதையெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விற்கிறார்கள். எனக்கு நுனி உளுத்த துண்டு என்பதால் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. அச்சுக்கு அடியில் கொடுக்கிற முட்டுக்கும் மரமேதான். கொட்டகையில் உடைந்த கல்தூண் கிடந்ததால் மாப்பிள்ளை அதை உருட்டிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றுவிட்டேன். மரம் உடைவதற்கு முன்னால் முனகும், கல் சொல்லிக்கொண்டு உடையாது.

சக்கரத்தைத் தரையிலிருந்து இரண்டு விரல் மட்டும் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் திரும்ப மாட்டும்போது நூறு கிலோவையும் கையால் தூக்க வேண்டி வரும். இரண்டு விரல் இடைவெளி என்றால் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் நெம்ப, இன்னொருவர் ஸ்டட்டுக்கு நேராகத் திருப்பிவிடலாம். வெளியே இழுப்பதற்கு முன் ஒரு சாக்பீஸ் வேலை உண்டு: வால்வுக்கு நேரே டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு, வெளிப்பக்கம் எது என்பதற்கு ஒரு பெருக்கல் குறி. இதன் பயன் பின்னால் தெரியும். இது இல்லாவிட்டால் மறுநாளே மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

இந்த டிஸ்க் மூன்று துண்டு. நடுவில் டிஸ்க், அதன் மேல் முழு வட்டமாக ஒரு சைடு ரிங், அதைப் பிடித்து வைக்க ஓரிடத்தில் வெட்டுப்பட்ட லாக் ரிங். கார் டயர் மாதிரி லீவர் போட்டு விளிம்பைத் தாண்டவைக்கும் வேலை இதில் இல்லை. ரிங்கை எடுத்துவிட்டால் டயர் அப்படியே மேலே வந்துவிடும். எடுப்பதுதான் பாடு. டயரின் வாய், அதாவது டிஸ்க்கில் உட்காரும் உள்விளிம்பு, துருவோடு சேர்ந்து சைடு ரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஓர் அங்குலம் கீழே தள்ளினால்தான் லாக் ரிங்குக்கு இடம் கிடைக்கும்.

கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு ஆரம்பித்தோம். ரப்பர் எகிறியது, ரிங் அசையவில்லை. பக்கத்துத் தோட்டத்து ட்ராக்டரைக் கொண்டுவந்து, அதன் முன்பாரத்துக்கு அடியில் சக்கரத்தைப் படுக்கவைத்து, இரண்டுக்கும் நடுவில் ஜாக்கியைக் கொடுத்தோம். ட்ராக்டர்தான் மேலே எழும்பியது. மாப்பிள்ளை டீசல் ஊற்றலாம் என்றான். ரப்பரில் டீசலோ கிரீஸோ படக் கூடாது, ஊறிப்போய்விடும். துணி சோப்பைச் சீவிக் கரைத்துக் கெட்டியாக வாய் முழுக்க ஊற்றி இரவு விட்டுவைத்தோம். காலையில் செம்புறாங்கல் ஏற்றி நின்ற ட்ரெய்லரின் சட்டத்துக்கு அடியில் சக்கரத்தைத் தள்ளினோம். ஜாக்கியின் கீழே, உள்ளங்கை அகலத்தில் கனமான இரும்புத் தகடு ஒன்றை ரப்பர்மேல் வைத்தோம். நாலைந்து அடி அடித்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், வாய் விட்டுக்கொடுத்தது. ஜாக்கியை இறக்கி, ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி. சுற்றிலும் இப்படி இறக்கிய பிறகு லாக் ரிங்கின் வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்தில் லீவர் நுனியைக் கொடுத்து நெம்பினால் ரிங் பாம்பு மாதிரி நெளிந்து வந்தது. ஒரு கை நெம்பும்போது இன்னொரு கை ரிங்கின் மேல் இருக்கக் கூடாது, முகமும் நேரே இருக்கக் கூடாது. காற்று இல்லாவிட்டாலும் அதற்கு முறுக்கு உண்டு.

திருப்பிப் போட்டு மறுபக்கத்து வாயையும் அதேபோல் விடுவித்தால் டிஸ்க் தனியாக வந்துவிடும். பிளாப்பை உரித்து டியூபை வெளியே எடுத்தோம்.

ஓட்டை தேடுவதற்குக் கொட்டகை ஓரத்துக் கல்தொட்டி வசதியாக இருந்தது. மாடு போய் வருஷக்கணக்காகிவிட்டது, தொட்டி இருக்கிறது. டியூபில் உருண்டு வருகிற அளவுக்குக் காற்று ஏற்றி, ஒரு பக்கமாகத் தண்ணீரில் முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் குமிழி வரும். வந்தது, ஊசி முனை அளவு. காப்பிங் பென்சிலால் வட்டம் போட்டோம். ஒன்று கிடைத்தவுடன் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பார்த்தால் ஒரு கை தள்ளி இன்னொன்று.

இந்த இடத்தில்தான் பலரும் டியூபை ஒட்டி உள்ளே போட்டு மூடிவிடுகிறார்கள். குத்திய முள் டயருக்குள்ளேயே இருக்கிறது. சீமைக்கருவேல முள் உள்ளே போன பிறகு டயர் சுற்றச் சுற்ற வெளிப்பக்கம் தேய்ந்து முறிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே அதன் முனை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டிக்கொண்டிராது. பாரம் ஏறி ரப்பர் அமுங்கும்போது மட்டும் எட்டிப்பார்த்துக் குத்தும். காலி வண்டியில் நன்றாக இருந்துவிட்டு விறகு ஏற்றியதும் காற்று இறங்குகிற கதை இதுதான்.

சாக்பீஸ் கோடு இப்போது பேசும். வால்வை மணிக்கூட்டின் 6 என்று வைத்துக்கொண்டால் என் ஓட்டைகள் 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் இருந்தன. டயரில் கோட்டை 6 என்று வைத்து, பெருக்கல் குறி போட்ட பக்கத்தை அதேபோல் நம்மைப் பார்த்து வைத்தால் அதே 2-3 மணிக்கு உட்புறம் தேட வேண்டியது ஒரு முழ இடம்தான். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்பது மறந்துபோனால் 9-10 மணிப் பக்கமும் தேட வேண்டியிருக்கும். விரலால் தடவினேன், ஒன்றும் படவில்லை. விரலால் தடவாமல் இருப்பதே நல்லது, முறிந்த முள் நகக்கண்ணில் ஏறினால் சீழ் வைத்துவிடும். மருந்துக்கடைப் பஞ்சை உருட்டி, அழுத்தாமல், இரண்டு திசையிலும் இழுத்தேன். ஓரிடத்தில் பஞ்சில் ஓர் இழை மட்டும் நின்றது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கறுத்த ரப்பரில் அதைவிடக் கறுத்த ஒரு புள்ளி. குத்தூசியால் சுற்றிலும் நெருடி, குறடு கவ்வுகிற அளவுக்கு எழுப்பி இழுத்தால் கட்டை விரல் அகலம் நீளத்துக்கு ஒரு முள், கெட்டியாக, நுனி இன்னும் கூராக. இரண்டாவது ஓட்டைக்கும் ஒன்று. மூன்றாவதாக ஒரு முள், டியூபை இன்னும் தொடாதது, பஞ்சில் மாட்டியது. அடுத்த பஞ்சர் அது, முன்கூட்டியே கிடைத்துவிட்டது.

ஒட்டும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. உப்புத்தாளால் பேட்ச்சை விட அரை அங்குலம் அதிகமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிட்டு, சொலூசனை மெல்லியதாகத் தடவி, காய விட்டு, இன்னொரு பூச்சு. புறங்கையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளாமல் இழுக்க வேண்டும், அதுதான் பதம். மேலே பேட்ச் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தினால் முடிந்தது. இதற்கு முன் பேட்ச்சைச் சூடாக்கி ஒட்டுகிற பழைய ஸ்பிரிட் வல்கனைசிங் கிளாம்ப் ஒன்றை வாங்கி ஒரு வீணான டியூபில் பழகிப் பார்த்தேன். சூடு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. பேட்ச் நன்றாகத்தான் ஒட்டியது, அதைச் சுற்றியிருந்த டியூப் வெந்து விறைத்துவிட்டது. முள் குத்திய சின்ன ஓட்டைக்குக் குளிர்ப்பேட்ச்சே போதும். கிழிசல் என்றால் கடைக்குக் கொடுத்துவிடுவேன். வால்வு அடியில் கசிந்தால் டியூபையே மாற்றுவது உத்தமம்.

பாதி நாள் போனது டிஸ்க்கைச் சுத்தம் செய்யத்தான். லாக் ரிங் உட்காருகிற பள்ளம் முழுக்கச் சேறும் துருச் செதிலும். 1953-இல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் துரு அரிப்பைப் பற்றி ஆராய்ச்சியே நடக்கிற ஊர் காரைக்குடி. பக்கத்திலேயே என் டிஸ்க் இப்படி இருக்கிறது! கம்பி பிரஷ், சுரண்டி, அப்புறம் துணி. வெறும் இரும்பு தெரிந்தபிறகு வெயிலில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, மெல்லியதாக ரெட் ஆக்சைடு ஒரு கை. பள்ளத்துக்குள் பெயிண்ட் கெட்டியாக நின்றால் ரிங் உட்காராது. ரிங் வளைந்திருந்தாலோ விரிசல் கண்டாலோ தட்டி நிமிர்த்தவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, நேராகக் கழிவிரும்புக்குத்தான். ஒரு கம்பெனி ரிங்கை இன்னொரு கம்பெனி டிஸ்க்கில் போடுவதும் அதே ரகம். பார்வைக்குப் பொருந்தியது போலவே இருக்கும்.

பஞ்சர் கடை அண்ணனிடம் நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அவர் சொன்னது: "தம்பி, டியூப் உங்களை ஒண்ணும் செய்யாது. ரிங்குக்குத்தான் மரியாதை குடுக்கணும்." அவர் கடையில் ரிங் தெறித்துத் தகரக் கூரையில் விழுந்த ஓட்டையை மாற்றாமலே வைத்திருக்கிறார், வேலைக்கு வருகிற பையன்களுக்குக் காட்ட.

பூட்டும்போது டயருக்குள் டால்க் பவுடர் தூவி, டியூபை லேசாக ஊதி உருண்டையாக்கி உள்ளே வைத்து, பிளாப்பை மடிப்பு இல்லாமல் செருகினோம். வால்வு டிஸ்க்கின் பிளவுக்கு நேரே வர வேண்டும். சைடு ரிங், அப்புறம் லாக் ரிங், சுற்றிலும் தட்டி உட்காரவைத்தது. ஐந்து பவுண்டு காற்று மட்டும் ஏற்றி நிறுத்தி, பள்ளத்தில் ரிங் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு நூல் மேலே நின்றது. அந்த இடத்தில் கை தானாகச் சுத்தியலைத் தேடும். காற்று இருக்கும்போது ரிங்கில் சுத்தியல் படவே கூடாது. காற்றை முழுக்க விட்டு, ரிங்கை எடுத்து, அடியில் மாட்டியிருந்த துருத் துண்டைத் தட்டிவிட்டு மறுபடி போட்டேன். இப்போது சரி.

மீதிக் காற்று, ரிங் தெறித்தால் தடுக்கிற இரும்புக் கூண்டுக்குள்தான். மூடிவிட்ட ஒரு ரீட்ரேடிங் பட்டறையிலிருந்து 6,500 ரூபாய்க்கு வாங்கிய கூண்டு. கிரில் பட்டறையில் நாமே அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் உண்டு, எத்தனை பலம் தாங்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாத கூண்டை நம்பி நான் நிற்க மாட்டேன். வால்வில் கவ்விக்கொள்ளும் கிளிப், நீள ஹோஸ், நடுவில் மீட்டர். நான் கொட்டகைச் சுவருக்கு இந்தப்பக்கம். 2 எச்.பி. கம்ப்ரசர், சிங்கிள் ஃபேஸ். 100 பவுண்டு ஏற பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மாலையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உறுமுமே தவிரச் சுற்றாது, அதனால் இந்த வேலை காலையில்தான். 100 பவுண்டு ஏற்றி, முழுக்க விட்டு, மறுபடி ஏற்றினேன். முதல் தடவை ஏற்றும்போது உள்ளே விழுந்த டியூப் மடிப்பு இப்படித்தான் நிமிரும். மடிப்போடு ஓடினால் அந்த இடத்தில் தேய்ந்து, முள்ளே இல்லாமல் பஞ்சர் ஆகும்.

மாட்டியபிறகு நட்டை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு சுற்று இறுக்கினோம். இரண்டு நட் கொஞ்சம் இடம் கொடுத்தன.

செலவு: பழைய கம்ப்ரசர் 16,000, கூண்டு 6,500, ஜாக்கி 2,800, ஹோஸ், கிளிப், மீட்டர் 1,900. மொத்தம் 27,200 ரூபாய். பேட்ச்சும் சொலூசனும் பஞ்சருக்கு நூறு ரூபாய் தாண்டாது. ஆக இருபத்தைந்து பஞ்சருக்குப் பிறகுதான் போட்ட காசு திரும்பும். ஒரு வண்டி, வருஷத்துக்கு இரண்டு மூன்று பஞ்சர் என்றால் அண்ணனுக்கே போன் போடுவது புத்திசாலித்தனம். எனக்கு முள்ளுக்குள்ளேயே பிழைப்பு, அதனால் கட்டுப்படியாகிறது.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை சில. சோப்புத் தண்ணீரை முந்தின நாளே ஊற்றிவிடுவேன், ட்ராக்டரைத் தேடிப் போக மாட்டேன். பிளாப் ஓரம் வெடித்திருந்தும் பழையதையே போட்டேன், இனி டயரைத் திறந்தால் புது பிளாப்தான். கண்மாயிலிருந்து வந்த அன்றே டயரின் வெளிப்பக்கத்தைப் பார்த்துத் துருத்தி நிற்கிற முள்ளைப் பிடுங்கும் வேலையை மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன், முறிந்துபோவதற்குள் எடுத்தால் பாதி வேலை மிச்சம். முன் வலது சக்கரத்தில் லாக் ரிங் ஒரு பக்கம் அரித்துக் குழி விழுந்திருக்கிறது. அதைக் கழற்றி டிஸ்க்கோடு காரைக்குடிக்கு எடுத்துப் போய், அளவு பார்த்து, அதே கம்பெனி ரிங் கிடைத்தால்தான் பூட்டுவேன். அதுவரை அந்த இடத்தில் ஸ்டெப்னி ஓடுகிறது.